தற்செயல் விகாரம் மட்டும் போதுமா? கூர்ப்பில் (பரிணாமத்தில்) புதுமை எங்கிருந்து வருகிறது?

ரியூசன் மாஸ்டர் (வெள்ளவத்தை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கூர்ப்புப் பாடம் வரும்போது வகுப்பு எப்போதும் ஒரே இடத்தில் நின்றுவிடும். "டி.என்.ஏ பிரதியாகும்போது எழுத்துப் பிழை, அதாவது விகாரம், வருகிறது, அதில் உதவுகிற பிழையை இயற்கைத் தேர்வு வைத்துக்கொள்கிறது" என்று சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கிவிடும். பிழைகளை மட்டும் வைத்து ஒரு கண்ணைச் செய்ய முடியுமா, ஒரு சிறகைச் செய்ய முடியுமா என்று கேட்கும்.

இந்த முறை கேட்ட மாணவி நிறைய வாசித்துவிட்டு வந்திருந்தாள். தற்செயல் விகாரம் போதாது என்று பெரிய விஞ்ஞானிகளே சொல்கிறார்களே சேர் என்றாள். பெயர்களும் சொன்னாள்: சிக்காகோவில் பற்றீரியாப் பரம்பரையியல் செய்த ஜேம்ஸ் ஷப்பீரோ, ஒக்ஸ்பேர்ட்டில் இதயத் துடிப்பை ஆராய்ந்த டெனிஸ் நோபல், கலங்களின் கூட்டுச் சேர்க்கை பற்றி எழுதிய லின் மார்குலிஸ். மூவரும் அவரவர் துறையில் உண்மையாகவே பெரியவர்கள். 2016 நவம்பரில் லண்டன் றோயல் சொசைட்டியில் கூர்ப்புக் கொள்கையின் புதிய போக்குகள் பற்றி ஒரு கூட்டமே நடந்தது. அப்படியிருக்க, புத்தகத்தில் உள்ள இரண்டு வரியைத் திருப்பிச் சொல்லி அவளை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்கள், காட்டில் திரிகிறவர்கள், கணிதம் தெரிந்தவர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். தற்செயல் விகாரத்துக்கு மாற்று என்று சொல்லப்படுபவை எவை? எது நிலைத்தது, எது விழுந்தது?

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

மாஸ்டர், நான் பொறியியலாளன், உயிரியல் ஆள் இல்லை. ஆனால் உங்கள் மாணவியின் பக்கம்தான் நிற்கிறேன்.

கொழும்பில் பிறந்து, றோயல் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போன வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்கவை எல்லோருக்கும் தெரியும். அவரும் இன்னொரு வானியலாளரான பிரெட் ஹொயிலும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். உயிருக்கு வேண்டிய ஏறத்தாழ 2000 நொதியங்கள் (கலத்தின் இரசாயன வேலைகளைச் செய்யும் புரதங்கள்) தற்செயலாக அமைவதற்கான வாய்ப்பு, ஒன்றின் பின்னால் 40,000 பூச்சியம் போட்ட எண்ணில் ஒரு பங்கு. பழைய இரும்புக் கடைக்குள் சூறாவளி புகுந்து ஒரு போயிங் 747 விமானத்தைப் பூட்டிவிட்டுப் போவதற்குச் சமம் என்றார் ஹொயில். அதனால்தான் உயிரின் விதைகளும், பிறகு வந்த புதிய ஜீன்களும்கூட விண்வெளியிலிருந்து வந்தன என்ற முடிவுக்கு இருவரும் போனார்கள்.

விண்வெளியை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் கணக்கு கணக்குத்தானே? கண்ணை மூடிக்கொண்டு செய்யும் மாற்றங்களால் ஓர் இயந்திரம் மேம்படுவதை என் தொழிலில் நான் கண்டதே இல்லை.

அகர்த்தட்டு எழுதியது:

நுண்ணங்கி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பற்றீரியாவை வளர்ப்பதும், எந்த மருந்துக்கு அது சாகும், எதற்குச் சாகாது என்று பார்ப்பதும்தான் என் நாளாந்த வேலை. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணை, அந்தக் கணக்கில் பெருக்கல் சரி. ஆனால் 2000 நொதியமும் இன்றைய வடிவில், ஒரே முறையில், ஒன்றுமில்லாததிலிருந்து அமைய வேண்டும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அப்படி நடந்ததாக எந்தக் கூர்ப்பு ஆய்வாளரும் சொல்வதில்லை. ஒவ்வொரு படியிலும் தப்பிப் பிழைத்தது அடுத்த படிக்கு அடித்தளமாகிறது. அந்தச் சேமிப்பை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் எந்த எண்ணும் பயங்கரமாகத்தான் வரும். ஜீன்கள் வானத்திலிருந்து வந்தன என்றாலும், அங்கே அவற்றை ஆக்கியது எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. விண்துகள்களில் கரிமச் சேர்வைகள் உண்டு என்று அந்த இருவரும் சொன்னது பெரிய பங்களிப்பு, அதை நான் மதிக்கிறேன். கூர்ப்பு பற்றிச் சொன்னதற்கு அந்தப் பலம் இல்லை.

இனி "தற்செயல்" என்றால் என்ன என்பதற்கு வருகிறேன். எல்லா இடத்திலும் ஒரே அளவு விகாரம் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. டி.என்.ஏயில் சில இடங்கள் மற்ற இடங்களைவிட மிக அதிகமாக மாறும், இது பழைய செய்தி. காரணமில்லாமல் நடக்கிறது என்றும் பொருள் இல்லை. கதிர்வீச்சு, இரசாயனம், நொதியத்தின் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஒரு விகாரம் அந்த உயிருக்குத் தேவை என்பதற்காகத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான் அந்தச் சொல்லின் பொருள்.

இதை 1943இல் சல்வடோர் லூரியாவும் மக்ஸ் டெல்புறுக்கும் காட்டினார்கள். பற்றீரியாவைத் தாக்கும் வைரசை நிறையக் கொட்டினால் ஏறக்குறைய எல்லாம் சாகும், சில மட்டும் தப்பும். வைரசைக் கண்ட பிறகு அவை தம்மை மாற்றிக்கொண்டனவா, அல்லது வைரசு வருவதற்கு முன்பே மாறியிருந்தனவா? இதைப் பிரித்தறியும் வழி லூரியாவுக்குத் தோன்றியது ஆய்வுகூடத்தில் அல்ல. இந்தியானாப் பல்கலைக்கழகத்து நடன நிகழ்ச்சி ஒன்றில், சக ஆசிரியர் ஒருவர் காசு போட்டு விளையாடும் இயந்திரத்தில் தோற்றுக்கொண்டே இருந்து, திடீரென்று ஒரு பெரிய தொகை விழுந்ததைப் பார்த்தபோது தோன்றியது. பல சிறு குழாய்களில் பற்றீரியாவைத் தனித்தனியே வளர்த்து, ஒவ்வொன்றையும் வைரசு பூசிய தட்டில் ஊற்ற வேண்டும். வைரசைக் கண்ட பிறகுதான் மாறுகின்றன என்றால் எல்லாத் தட்டிலும் தப்பியவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாயிருக்கும். முன்பே மாறியிருந்தால், ஒரு குழாயில் ஆரம்பத்திலேயே விகாரம் நடந்து அதன் பிள்ளை குட்டியெல்லாம் தப்பும். வேறொன்றில் ஒன்றுகூட இராது. முடிவு இரண்டாவது மாதிரி வந்தது. சில தட்டுகள் வெறுமை, சிலவற்றில் நூற்றுக்கு மேல்.

1952இல் எஸ்தர் லெடர்பேர்க்கும் ஜோசுவா லெடர்பேர்க்கும் இன்னும் நேராகக் காட்டினார்கள். ஒரு தட்டில் வளர்ந்த பற்றீரியாவின் மேல் வெல்வெட் துணியை ஒற்றி, அதே ஒழுங்கில் வேறு தட்டுகளுக்குப் பதித்தார்கள். மருந்துள்ள தட்டுகளில் தப்பிய கொலனிகள் ஒரே இடங்களில் வந்தன. மூலத்தட்டில் அந்த இடத்தைச் சுரண்டி வளர்த்தால், மருந்தையே காணாத பற்றீரியாவும் எதிர்ப்புடன் இருந்தது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், இன்று காசநோய்க்கு ஏன் ஒரே நேரத்தில் நாலு மருந்து கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ரிபாம்பிசினுக்கு எதிர்ப்புள்ள கிருமி ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒன்று. ஐசோனியாசிட்டுக்குப் பத்து இலட்சத்தில் ஒன்று. நோயாளியின் நுரையீரல் குழி ஒன்றுக்குள் பத்துக் கோடிக் கிருமி இருக்கலாம். ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் எதிர்ப்புள்ளது முன்பே அங்கே உட்கார்ந்திருக்கும். மற்றவை செத்து அதற்கு இடம் விட்டுவிடும். 1940களின் கடைசியில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியே கொடுத்தபோது அதுதான் நடந்தது. ரிபாம்பிசினையும் ஐசோனியாசிட்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் எதிர்ப்புள்ள கிருமி கோடி கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி ஒரு உடம்பில் இல்லை.

தேவையைப் பார்த்து விகாரம் செய்யும் திறன் அந்தக் கிருமிக்கு இருந்திருந்தால் இந்தப் பெருக்கல் பலிக்காது. ஆறு மாதம் ஒழுங்காக மருந்து குடித்துச் சுகமாகிப் போகும் ஒவ்வொரு நோயாளியும் அந்தக் கணக்குக்குச் சாட்சி. மருந்தை இடையில் விடாதீர்கள் என்று நாங்கள் கெஞ்சுவதும் அதனால்தான்.

இறுதி வருடம் எழுதியது:

அக்கா, அருமையாக விளக்கினீர்கள். ஆனால் லூரியாவின் பரிசோதனையில் ஒரு ஓட்டை உண்டு. வைரசு பற்றீரியாவை உடனே கொன்றுவிடும். யோசித்து மாற அதற்கு நேரமே இல்லை. 1988இல் ஜோன் கெய்ன்ஸ் இதைத்தான் சுட்டிக்காட்டினார். லக்டோசை (பாற்சர்க்கரையை) உண்ண முடியாத ஈ.கோலை என்ற குடல் பற்றீரியாவை, லக்டோசு மட்டும் உள்ள தட்டில் போட்டுப் பட்டினியாக வைத்தார். நாள் போகப் போக, லக்டோசை உண்ணும் விகாரம் பெற்ற கொலனிகள் வந்துகொண்டே இருந்தன. பற்றீரியாவுக்குத் தனக்குத் தேவையான விகாரத்தைத் தெரியும் வழி இருக்கலாம் என்று 'நேச்சர்' இதழிலேயே எழுதினார். எங்கள் விரிவுரையில் இதைத் தொட்டுவிட்டு நேரமில்லை என்று போய்விட்டார்கள்.

அகர்த்தட்டு எழுதியது:

தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கெய்ன்ஸ் சாதாரண ஆள் இல்லை, அவர் கேட்டதும் நியாயமான கேள்வி. அதனால்தான் பல ஆய்வுகூடங்கள் அதற்குப் பின்னால் வருடக்கணக்காக ஓடின.

கண்டது இதுதான். அந்தப் பற்றீரியாவில் லக்டோசு ஜீன் முழுக்கச் செத்திருக்கவில்லை, மிகக் குறைவாகக் கசிந்துகொண்டு இருந்தது. சிலவற்றில் அந்தப் பழுதான ஜீனே பல பிரதிகளாகப் பெருகியது. ஐம்பது பிரதி ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்தால் உயிர் பிழைக்க அது காணும். பிரதிகள் கூடக் கூட அதில் ஒன்று திருந்தும் வாய்ப்பும் கூடும். அதோடு, பட்டினி கிடக்கும் பற்றீரியா தவறு அதிகம் செய்யும் டி.என்.ஏ நொதியங்களை இயக்குகிறது. அப்படி இயக்கும்போது லக்டோசு ஜீனில் மட்டுமல்ல, சம்பந்தமே இல்லாத வேறு ஜீன்களிலும் விகாரம் கூடியது. குறி பார்த்து அடித்திருந்தால் அங்கே கூடியிருக்கக் கூடாது.

ஆகவே, நெருக்கடியில் விகார வேகம் கூடும் என்பது நிலைத்தது. எந்த விகாரம் வேண்டும் என்று தெரிந்து செய்கிறது என்பது நிலைக்கவில்லை. முதலாவது சின்ன விடயம் இல்லை. சிப்ரோபிளொக்சசின் என்ற மருந்து பற்றீரியாவின் டி.என்.ஏயைத் தாக்கும்போது அதே அவசர வழி திறக்கிறது. நாங்கள் கொடுக்கும் மருந்தே விகாரத்தைக் கூட்டக்கூடும் என்பது ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குப் பெரிய கவலை.

மழைக்காடு எழுதியது:

இவ்வளவு நேரமும் எழுத்துப் பிழையிலேயே நிற்கிறீர்கள். வகுப்பு அந்த இடத்தில் நின்றுபோவதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். புதுமைக்கு வழி அது ஒன்றுதான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பாமல் விடுவது அவர்களின் பிழை இல்லை.

வெள்ளவத்தைச் சந்தையில் கோழிக்கூட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி, குறுக்காக வெட்டி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் மூன்று பக்கமாகச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். வித்தாக வேண்டியவை வளராமல் நின்ற இடம் அது. இந்த வாழை இரண்டு காட்டு வாழை இனங்களின் கலப்பு. நிறமூர்த்தம் (குரோமோசோம்) மூன்று தொகுதி, மொத்தம் 33. இரண்டு தொகுதி ஒரு இனத்திலிருந்து, ஒரு தொகுதி மற்றதிலிருந்து. கறிக்கு எடுக்கும் மொந்தன் வாழையில் அது மறுபக்கமாக இருக்கும். மூன்று தொகுதியைச் சமமாக இரண்டாகப் பிரிக்க முடியாது, அதனால் வித்துப் பிடிப்பதில்லை, குட்டி வைத்துத்தான் நட வேண்டும். புதுச் சுவை, புதுப் பருமன் எல்லாம் முக்கியமாக இரண்டு முழு மரபுத்தொகுதிகள் (ஓர் இனத்தின் டி.என்.ஏ முழுவதும்) சந்தித்ததால் வந்தவை. ஒவ்வோர் எழுத்தாக மாறி இந்தப் பழம் வரவில்லை.

வாழை மலடு, ஆகவே அது கூர்ப்பில் ஒரு முட்டுச்சந்து என்று சொல்வீர்கள். சரி, காலையில் சாப்பிடும் பாணைப் பாருங்கள். பாண் கோதுமை மூன்று புல்லினங்களின் மரபுத்தொகுதியைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஏறத்தாழ பத்தாயிரம் வருடத்துக்கு முன், ஏற்கெனவே கலப்பான ஒரு கோதுமையும் ஒரு காட்டுப் புல்லும் சேர்ந்து, நிறமூர்த்தங்கள் இரட்டித்து, 42 ஆக நின்றது. இரட்டித்ததால் சோடி சேர முடிந்தது, வித்தும் பிடித்தது. பாண் மா புளித்துப் பொங்கும் அந்தத் தன்மைக்கு மூன்றாவதாக வந்த காட்டுப் புல்லின் புரதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

விலங்குகளிலும் நடக்கிறது. கலாபகஸ் தீவுகளில் டப்னி மேஜர் என்ற சின்னத் தீவுக்கு 1981இல் நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து 'பிஞ்ச்' என்ற வகை ஆண் குருவி ஒன்று வந்து, அங்கிருந்த வேறு இனப் பெண்ணோடு சேர்ந்தது. பீற்றர், றோஸ்மரி கிராண்ட் தம்பதி அதன் வழித்தோன்றல்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். சில தலைமுறைக்குள் அவை தமக்குள் மட்டுமே சோடி சேரும் தனி வழியாகிவிட்டன, அலகும் பாட்டும் வேறு.

இனி மார்குலிஸ். 1967இல் அவர் எழுதியதைப் பல இதழ்கள் திருப்பி அனுப்பின. இன்று உயர்தரப் பாடத்திலேயே இருக்கிறது: கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியும் (மைற்றோகொண்டிரியன்) தாவரக் கலத்தின் பச்சையவுருமணியும் (குளோரோபிளாஸ்ட்) ஒரு காலத்தில் சுதந்திரமாகத் திரிந்த பற்றீரியாக்கள். மனித இழைமணிக்கு இன்றும் சொந்தமாக 16,569 எழுத்துகள் கொண்ட வட்ட டி.என்.ஏயும் 37 ஜீன்களும் உண்டு. விலங்கு, தாவரம், பூஞ்சை எல்லாம் அந்தச் சேர்க்கையின் பின் வந்தவை. இதைவிடப் பெரிய படைப்பு நிகழ்ச்சி ஒன்றை எனக்குச் சொல்லுங்கள் பார்ப்போம்! புதுமையெல்லாம் கூட்டுச் சேர்க்கையால்தான், விகாரத்துக்கு அதில் பெரிய பங்கில்லை என்கிற அளவுக்குப் பிற்காலத்தில் அவர் போனார். அங்கே என்னால் அவரோடு போக முடியவில்லை. சேர்ந்த பிறகும் அந்தப் பற்றீரியாவின் ஜீன்கள் உதிர்ந்தும் மாறியும் உட்கருவுக்கு நகர்ந்தும்தானே இழைமணி ஆனது.

கொழும்பு ஆட்களுக்கு இன்னொன்று. டெங்குக்கு எதிராக 2020இல் நுகேகொடைப் பக்கம் விட்ட நுளம்புகளுக்குள் இருந்தது வோல்பாக்கியா என்ற பற்றீரியா. பூச்சியின் கலத்துக்குள்ளேயே வாழும், முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும். பழ ஈ ஒன்றின் நிறமூர்த்தத்துக்குள் கிட்டத்தட்ட முழு வோல்பாக்கியா டி.என்.ஏயும் செருகப்பட்டிருப்பதை 2007இல் கண்டார்கள். ஓர் உயிரின் முழுத் தொகுதி இன்னோர் உயிருக்குள். அது என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்?

சிவநெறி எழுதியது:

பிள்ளைகள், எல்லாம் வாசித்தேன். எனக்கு வயது போய்விட்டது, விஞ்ஞானம் அதிகம் தெரியாது. ஆனால் தற்செயல் என்று சொல்லும்போது மனம் சுருங்குகிறது. இவ்வளவு அழகும் ஒழுங்கும் ஏதோ விழுந்தடித்து வந்தது என்றால், இதற்கெல்லாம் பொருள் இல்லை என்றுதானே ஆகும்?

ரியூசன் மாஸ்டர் எழுதியது:

ஐயா, அகர்த்தட்டு சொன்ன பொருளில் எடுத்தால் அப்படி ஆகாது என்று நினைக்கிறேன். விகாரம் அந்தக் கிருமியின் தேவையைப் பார்ப்பதில்லை என்பது மட்டுமே பரிசோதனையில் தெரிந்தது. உலகத்துக்குப் பொருள் உண்டா என்பதை எந்தத் தட்டிலும் வளர்த்துப் பார்க்க முடியாது. என் வகுப்பில் கோயிலுக்குப் போய் வரும் பிள்ளைகளும், பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களின் நம்பிக்கையை உயிரியல் பாடம் தீர்ப்புச் சொல்லும் இடமாக நான் ஒருபோதும் ஆக்கியதில்லை.

இறுதி வருடம் எழுதியது:

வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்ற லமார்க்கின் பக்கம் யாரும் போகவில்லையே. பெற்றோர் வாழ்ந்த விதம் பிள்ளையின் ஜீன்களில் பதிகிறது என்று இப்போது எல்லோரும் பகிர்கிறார்கள். டி.என்.ஏ எழுத்து மாறாமலே அதன் மேல் வரும் இரசாயனக் குறிகள் தலைமுறை தாண்டலாம் என்பது உண்மைதான். லினேரியா என்ற செடியில் வழக்கத்துக்கு மாறான, சமச்சீரான பூவைத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1740களில் விவரித்தார். 1999இல் அந்த மாதிரிப் பூக்களை ஆராய்ந்தபோது, ஒரு ஜீனின் எழுத்து மாறவில்லை, அதன் மேல் மீதைல் குறி ஏறி அது மூடப்பட்டிருந்தது என்று கண்டார்கள். செடிகளில் இது வலுவானது. பாலூட்டிகளில் கருவாகும் காலத்தில் பெரும்பாலான குறிகள் அழிக்கப்பட்டுவிடுவதால் பல தலைமுறைக்கு நிலைப்பது அரிது.

எனக்கு இதைவிடப் பிடித்தது வடிங்டன் என்ற உயிரியலாளரின் பரிசோதனை. 1950களில் பழ ஈயின் கூட்டுப்புழுவைச் சூடாக்கினார். சிலவற்றின் சிறகில் ஒரு குறுக்கு நரம்பு வரவில்லை. அவற்றையே தேர்ந்து இனப்பெருக்கம் செய்து, ஒவ்வொரு தலைமுறையையும் சூடாக்கினார். கடைசியில் சூடாக்காமலே குறுக்கு நரம்பில்லாத ஈக்கள் வந்தன. பார்த்தால் அச்சு அசல் லமார்க். ஆனால் ஆரம்பத்திலேயே அந்தக் கூட்டத்தில் பலவகை ஜீன் வேறுபாடுகள் மறைந்து கிடந்தன. சூடு அவற்றை வெளியே காட்டியது, தேர்வு அவற்றைச் சேர்த்தது. ஆகவே சூழல் முதலில் உடலை மாற்றி, ஜீன் பின்னால் வந்து அதை நிலைப்படுத்தலாம். புத்தகத்தில் ஒழுங்கு மறுபக்கமாகத்தான் இருக்கிறது.

மழைக்காடு எழுதியது:

இதோடு ஒன்று. நம் மழைக்காட்டுப் புதர்த் தவளைகள் (சிங்கராஜா, நக்கிள்ஸ் பக்கம் போனவர்கள் இரவில் சத்தம் கேட்டிருப்பீர்கள்) வாற்பேய் (தலைப்பிரட்டை) நிலையையே விட்டுவிட்டவை. ஈர மண்ணிலோ இலையிலோ முட்டை, அதற்குள்ளிருந்து நேரே குட்டித் தவளை. இலங்கையில் அவற்றில் எத்தனையோ இனங்கள். நீர்நிலை வேண்டாம் என்றதும் வாழ இடம் திறந்தது. கருவளர்ச்சி எந்தப் பக்கம் இலகுவாக வளையுமோ அந்தப் பக்கம் புதுமை அதிகம் வரும். விகாரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வந்தாலும் உடல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி மாறாது.

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

நன்றாக இருக்கிறது. ஆனால் இவ்வளவையும் கூட்டினால் என் ஐயம்தானே வெல்கிறது? கலப்பு, சேர்க்கை, ஜீன் பெருகுதல், மறைந்து கிடந்தது வெளிவருதல். தற்செயல் விகாரம் ஓரத்துக்குப் போய்விட்டதே.

அகர்த்தட்டு எழுதியது:

அண்ணை, பாதி வெல்கிறது. அந்தப் பாதியை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். எழுத்துப் பிழை என்ற ஒற்றை உதாரணத்தால் கூர்ப்பை விளக்குவது அநியாயம்.

என் மேசையிலிருந்தே சொல்கிறேன். சிறுநீர்த் தொற்று மாதிரிகளில் வரும் ஈ.கோலை பலவற்றில் செபலோஸ்போரின் மருந்துகளை உடைக்கும் ஒரு நொதியம் இருக்கும். சி.டி.எக்ஸ்-எம் என்று பெயர். மருந்துத் தட்டில் வில்லைகளைச் சுற்றித் தெளிந்த வட்டம் வர வேண்டிய இடத்தில் பற்றீரியா வில்லை வரைக்கும் வளர்ந்திருக்கும். அந்த ஜீன் ஈ.கோலைக்குள் உருவானதில்லை. குளுவேரா என்ற, பெரும்பாலும் தொந்தரவில்லாத வேறு பற்றீரியாவின் நிறமூர்த்தத்தில் காலம் காலமாக இருந்தது. தாவும் டி.என்.ஏத் துண்டு ஒன்று அதைத் தூக்கிப் பிளாஸ்மிட் என்ற, நிறமூர்த்தத்துக்கு வெளியே உள்ள சின்ன டி.என்.ஏ வளையத்தில் வைத்தது, பிளாஸ்மிட் கலம் விட்டுக் கலம் போனது. தாவும் துண்டுகளைச் சோளத்தில் முதலில் கண்ட பார்பரா மக்ளின்ரொக்கை நீண்ட காலம் பலர் கணக்கெடுக்கவில்லை. 1983இல் நொபெல் பரிசு வந்தது. நம் மரபுத்தொகுதியிலேயே ஏறத்தாழ 45 சதவீதம் இப்படித் தாவியவற்றின் மிச்சம். புகை படிந்த மரங்களில் மறைந்து தப்பியது என்று பாடப்புத்தகம் சொல்லும் அந்தக் கறுத்த அந்துப்பூச்சி இருக்கிறதே, அதன் கறுப்புக்கும் காரணம் ஒரு தாவும் துண்டு என்று 2016இல் தெரியவந்தது. சூல்வித்தகத்தில் (நஞ்சுக்கொடியில்) கலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் சின்சிரின் என்ற புரதம், ஒரு காலத்தில் நம் மூதாதைக்குள் புகுந்த வைரசின் உறைப்புரதம். தாய் வயிற்றில் பிள்ளை தங்குவதற்கு ஒரு வைரசின் கருவி உதவுகிறது என்பதை முதன்முதல் வாசித்தபோது நான் வேலையை விட்டுவிட்டு அப்படியே இருந்துவிட்டேன்.

மற்றப் பாதிதான் விட்டுக்கொடுக்க முடியாதது. தாவும் துண்டு எங்கே போய் விழும் என்பது தேவையைப் பார்த்து நடப்பதில்லை. எந்தக் குருவி எந்தத் தீவுக்குப் பறந்து வரும், எந்த ஜீன் இரட்டிக்கும், இவை எல்லாமும் அப்படித்தான். லூரியா காட்டிய பொருளில் இவையும் தற்செயலே. பெரிதோ சிறிதோ, வந்த மாற்றத்தைச் சலித்து எடுப்பது தேர்வுதான். அந்த வேலையை வேறு எதுவும் செய்வதாக இதுவரை யாரும் காட்டவில்லை.

லென்ஸ்கி என்ற ஆய்வாளர் 1988இல் ஈ.கோலையைப் பன்னிரண்டு குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். ஒன்றில் மட்டும், 31,500 தலைமுறை அளவில், ஒட்சிசன் உள்ள இடத்தில், வழக்கமாக ஈ.கோலை உண்ண முடியாத சித்திரேற்று என்ற சேர்வையை உண்ணும் ஆற்றல் வந்தது. ஏற்கெனவே இருந்த ஒரு ஜீன் இரட்டித்து வேறொரு தூண்டும் பகுதியின் கீழ் போய் நின்றதுதான் காரணம். அண்ணை கேட்ட மேம்பாடு இது. உறைய வைத்திருந்த பழைய மாதிரிகளிலிருந்து மறுபடி வளர்த்துப் பார்த்தபோது, பிந்திய தலைமுறைகளிலிருந்தே அது மீண்டும் வந்தது. முன்னர் வந்த வேறு மாற்றங்கள் வழி திறந்திருக்க வேண்டியிருந்தது. சித்திரேற்று குடுவையில் முதல் நாளிலிருந்தே இருந்தது, தேவை எப்போதும் இருந்தது.

மாஸ்டர், உங்கள் மாணவிக்கு இதையும் சொல்லுங்கள். அவள் உடம்புக்குள்ளேயே இது நடக்கிறது. அவளுடைய பி கலங்கள் (நோயெதிர்ப்புக் கலங்கள்) ஜீன் துண்டுகளைக் குலைத்துச் சேர்த்து, உலகில் இதுவரை இல்லாத பிறபொருளெதிரிகளை (கிருமியைப் பிடிக்கும் புரதங்களை) செய்து வைக்கின்றன. குலைத்துச் சேர்க்கும் அந்த நொதியமே பழைய தாவும் துண்டு ஒன்றிலிருந்து வந்தது. கிருமி வந்ததும் ஓரளவு பொருந்திய கலங்கள் பெருகி, அந்த ஜீனில் மட்டும் விகாரத்தை மிக வேகமாக்குகின்றன. எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்பதை உடல் அறிந்திருக்கிறது. எந்த மாற்றம் நன்றாகப் பொருந்தும் என்பதை அறியாது. செய்து பார்த்து, பொருந்தாததைச் சாக விடுகிறது. கொஞ்ச வாரங்களில் முன்பைவிட இறுக்கமாகப் பிடிக்கும் பிறபொருளெதிரி கிடைக்கிறது. குருட்டுத்தனமும் தேர்வும் சேர்ந்து எதையும் படைக்காது என்று யாராவது சொன்னால், அவர்களின் தடுப்பூசி அட்டையைக் காட்டச் சொல்வேன்.

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

பிறபொருளெதிரி விடயம் எனக்குப் புதிது. இடம் தெரியும், விடை தெரியாது என்ற பிரிப்பு பொறியியலாளனுக்கு விளங்குகிறது. 747 கணக்கை நான் இனி இந்த விவாதத்தில் எடுக்க மாட்டேன். கருவளர்ச்சி பற்றி மழைக்காடு சொன்னதை மட்டும் இன்னும் துருவ வேண்டும், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

ரியூசன் மாஸ்டர் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கோழிக்கூட்டு வாழைப்பழத்தை வகுப்புக்குக் கொண்டுபோகப் போகிறேன். லூரியாவின் பரிசோதனையையும் பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்தால் நல்லது. வைரசும் பற்றீரியாவும் ரியூசன் வகுப்புக்குள் கொண்டுவர முடியாது. கடதாசியில் செய்ய வழி உண்டா?

அகர்த்தட்டு எழுதியது:

உண்டு மாஸ்டர். ஒவ்வொரு மேசைக்கும் ஒன்று முதல் ஆறு வரை உள்ள இரண்டு தாயக்கட்டை கொடுங்கள். ஒரு கலத்தில் தொடங்கி, இரண்டு, நாலு, எட்டு என்று ஐந்து முறை இரட்டிக்கட்டும், 32 வரும். புதிதாக வரும் ஒவ்வொரு கலத்துக்கும் கட்டைகளை உருட்ட வேண்டும். இரண்டிலும் ஆறு விழுந்தால் அது விகாரம், அதற்குச் சிவப்புப் புள்ளி. கடைசியில் 32இல் எத்தனை சிவப்பு என்று எண்ணி, எல்லா மேசைகளின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் எழுதுங்கள்.

இரண்டாவது முறை கலங்களை விகாரமில்லாமல் 32 வரை வளர்த்துவிட்டு, கடைசியில் ஒவ்வொன்றுக்கும் மூன்று நாணயம் சுண்டட்டும். மூன்றும் தலை என்றால் சிவப்பு. வைரசைக் கண்ட பிறகு மாறுவது இது.

இரண்டு முறையிலும் சராசரி ஏறத்தாழ நாலு. ஆனால் நாணய முறையில் எண்கள் நாலைச் சுற்றியே நிற்கும். தாயக்கட்டை முறையில் சில மேசைகளில் ஒன்றுகூட இராது. எங்காவது ஒரு மேசையில் முதல் பிரிவிலேயே விகாரம் விழுந்தால் பதினாறுக்குக் குறையாது. எண்களைப் பார்த்து எது எந்த முறை என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

இறுதி வருடம் எழுதியது:

சிவப்பான கலத்தின் பிள்ளைகளுக்கும் உருட்ட வேண்டுமா அக்கா?

அகர்த்தட்டு எழுதியது:

வேண்டாம் தம்பி. அவை எல்லாம் சிவப்புத்தான். நேரே இரட்டித்துக்கொண்டு போகலாம்.